கொள்ளேகால் எந்த மாவட்டம்?

போன பகுதியில் உலர்தாவரத் தொகுப்பு, அதாவது ஹெர்பேரியம், பற்றிப் பேசினோம். அந்தத் தாள்களில் ஒட்டியிருக்கிற பழைய சீட்டுகளைத் தரவுத்தளத்துக்கு மாற்றும்போது என்ன சிக்கல் வருதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

1930-ல ஒருத்தர் கொள்ளேகால் பக்கம் வெள்வேலங் கிளை ஒன்றை ஒடித்துக் காயவைத்து, சீட்டில் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்று எழுதினார்னு வச்சுக்குங்க. அவர் எழுதினது சரி. கொள்ளேகால் தாலுகா அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தில், கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 1956-ல் மாநில மறுசீரமைப்பு வந்ததும் மைசூருக்குப் போச்சு. 1997-லிருந்து சாமராஜநகர் மாவட்டம். இந்தப் பக்கம் 1979-ல் ஈரோடு, 2009-ல் திருப்பூர்னு கோவையும் சுருங்கிக்கொண்டே வந்தது.

இப்போ 'மாவட்டம்'ங்கற கட்டத்தில் எதை நிரப்புவீங்க? கோவைன்னு போட்டா, அரிய செடி ஒன்றைத் தேடுகிறவர் தப்பான மலையில் அலைவார். சாமராஜநகர்னு மாற்றிப் போட்டா, சீட்டில் என்ன இருந்ததுங்கறதே அழிஞ்சுபோகும். நம்ம யூகம் தப்புன்னா திருத்த வழியே இருக்காது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேணும்னுதான் நான் சொல்வேன். 2009-ல் தரநிலையாக ஏற்கப்பட்ட டார்வின் கோர்ல, சீட்டில் உள்ளபடியே இடத்தை எழுத 'வெர்பேட்டிம் லொக்காலிட்டி'ன்னு ஒரு புலமே இருக்கு. உயரத்துக்கும் அப்படித்தான்: அடிக்கணக்கு ஒரு கட்டம், மீட்டர் இன்னொரு கட்டம்.

தேதி இன்னும் வம்பு. '3-4-17'னு மட்டும் இருந்தா, சேகரித்தவர் யாருன்னு தெரிஞ்சாத்தான் நூற்றாண்டே பிடிபடும். அதனால தட்டச்சைத் தொடங்குறதுக்கு முன்னாடி, இருக்கிறதிலேயே மோசமான நூறு சீட்டை எடுத்து ஓட்டிப் பார்க்கணும்.