என்.எம்.ஆர். ஆய்வேடுகளும் தரவுப் பகுப்பாய்வின் வளர்ச்சியும்

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல், சுருக்கமாக என்.எம்.ஆர்., வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோர் இன்று அன்றாடம் நாடும் கருவிமுறைகளுள் ஒன்றாகும். வலிமையான காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ஹைட்ரஜன், கார்பன்-13 போன்றவற்றின் அணுக்கருக்கள் தமக்குரிய அதிர்வெண் கொண்ட வானொலி அலையை உறிஞ்சுகின்றன. அந்த அதிர்வெண் அணுவின் வேதிச் சூழலுக்கேற்பச் சிறிதளவு மாறுவதால், மூலக்கூற்றின் அமைப்பை அதிலிருந்து உய்த்தறிய முடிகிறது. இம்முறையின் வரலாற்றை நோக்கினால், காந்தங்கள் வலுப்பெற்றதற்கு இணையாக, கிடைத்த குறிகையைக் கணித்துப் படிக்கும் திறனும் வளர்ந்ததையும், அவ்வளர்ச்சியில் இளம் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு இருந்ததையும் காணலாம்.

1945 இறுதியில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழுவினர் பாரஃபின் மெழுகிலும், 1946 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழுவினர் நீரிலும் இந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்தனர். பர்செலின் ஆய்வகத்துக்கு நெதர்லாந்திலிருந்து வந்த நிக்கோலாஸ் புளூம்பெர்கன், கிளர்ந்த அணுக்கருக்கள் சமநிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத்தை, அதாவது தளர்வு நேரத்தை ஆராய்ந்து, 1948இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அதையே முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். 1950இல் ஸ்டான்ஃபோர்டின் பிராக்டரும் யூவும் நைட்ரஜன் அணுக்கருவின் காந்தத் திருப்புதிறனை அளக்க முயன்றபோது, அம்மோனியம் நைட்ரேட்டில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் தோன்றின. துல்லியமான அளவீட்டை நாடிய இயற்பியலாளருக்கு இடையூறாகப்பட்ட இந்த விலகல்தான் பின்னர் 'வேதி நகர்வு' என்ற பெயரில் வேதியியலாளரின் முதன்மைச் சான்றாயிற்று. 1951இல் ஆர்னால்ட், தர்மாட்டி, பக்கார்டு ஆகிய மூவரும் எத்தனாலில் மூன்று தனிக் கோடுகளைப் பிரித்துக் காட்டினர். அவற்றின் பரப்பளவுகள் 3:2:1 என்ற விகிதத்தில், மூலக்கூற்றின் மூவகை ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையோடு பொருந்தின. இம்மூவருள் ஒருவரான எஸ். எஸ். தர்மாட்டி பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வேரூன்றச் செய்தார்.

அக்காலக் கருவிகள் காந்தப்புலத்தையோ அதிர்வெண்ணையோ மெல்ல மாற்றிக்கொண்டே சென்று, ஒவ்வொரு கோட்டையும் தாளில் பேனாவால் வரைந்தன. கோடுகளுக்கு இடையிலான வெற்றிடத்திலேயே நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. சூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில், உணர்திறன் மிக்க கருவிப் பாகங்களை வடிவமைத்து 1962இல் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், அடுத்து அமெரிக்காவின் வேரியன் நிறுவனத்தில் வெஸ்டன் ஆண்டர்சனுடன் இணைந்து இக்குறைக்குத் தீர்வு கண்டார். குறுகிய வானொலித் துடிப்பு ஒன்றால் எல்லா அணுக்கருக்களையும் ஒருசேரக் கிளர்த்தி, தேய்ந்து மறையும் குறிகையைப் பதிவு செய்து, அதில் கலந்துள்ள அதிர்வெண்களைக் கணக்கால் பிரித்தெடுக்கும் ஃபூரியே உருமாற்றத்தை அவர்கள் கையாண்டனர். முன்னணி இதழ் ஒன்று இருமுறை மறுத்த, இம்முறையை விளக்கும் அவர்களது கட்டுரை 1966இல் வேறோர் இதழில் வெளிவந்தது. துடிப்பை நூறு முறை திரும்பச் செலுத்திக் குறிகைகளைக் கூட்டினால், இரைச்சலுக்கு எதிரான குறிகையின் வலிமை பத்து மடங்காகும் என்பதால், இயற்கையில் 1.1 விழுக்காடே உள்ள கார்பன்-13ஐ வழக்கமாக அளப்பதும் சாத்தியமாயிற்று. இதன் பின்னர் கணிப்பொறி, கருவியின் பிரிக்கவியலாத உறுப்பாகிவிட்டது.

1971இல் பெல்ஜியத்தின் ஜான் ஜீனர் முன்வைத்த, நிறமாலையை இரண்டு அதிர்வெண் அச்சுகளில் விரிக்கும் இருபரிமாணக் கருத்தை, எர்ன்ஸ்டின் குழு 1976இல் முழுமையான முறையாக வளர்த்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அனில் குமார், எர்ன்ஸ்ட், கூர்ட் வூத்ரிச் ஆகியோர் 1980இல் பெரிய உயிர்மூலக்கூறுகளில் அருகருகே இருக்கும் ஹைட்ரஜன் இணைகளைக் காட்டும் வழியை வெளியிட்டனர். கரைசலிலுள்ள புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கணிக்க அது அடித்தளமாயிற்று. எர்ன்ஸ்ட் 1991இலும் வூத்ரிச் 2002இலும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு தூய சேர்மத்தை ஆராய்வதிலிருந்து சிறுநீர், இரத்தம், தேன், ஒயின் போன்ற கலவைகளுக்கு என்.எம்.ஆர். நகர்ந்தபோது, ஒரே நிறமாலையில் நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. கண்ணால் பிரித்தறிய இயலாத இத்தரவுக்கு, 1970களில் சுவீடனின் ஸ்வாண்டே வோல்டும் அமெரிக்காவின் புரூஸ் கோவால்ஸ்கியும் வளர்த்த கீமோமெட்ரிக்ஸ், அதாவது வேதித் தரவைப் புள்ளியியலால் ஆராயும் துறை, கைகொடுத்தது. நூற்றுக்கணக்கான மாறிகளின் வேறுபாட்டைச் சில அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு இதன் அடிப்படைக் கருவியாகும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெரெமி நிக்கல்சனும் அவருடைய சகாக்களும் 1999இல் 'மெட்டபோனாமிக்ஸ்' என்ற பெயரில், நோயும் மருந்தும் உடலின் வளர்சிதை மாற்றத்தில் விளைவிக்கும் மாறுதல்களை இவ்வழியில் அளக்கும் துறையை வரையறுத்தனர்.

எனவே இன்றைய ஆய்வேடு, மாதிரியைக் குழாயில் இடுவதோடு நில்லாமல், கட்டத் திருத்தம், அடிக்கோட்டுத் திருத்தம், நிறமாலையைச் சிறு பட்டைகளாகப் பகுத்தல், மாதிரிகளின் செறிவை ஒப்பிடத்தக்கதாகச் சீராக்கல் என்று தொடரும் முடிவுகளின் வரிசையாக அமைகிறது. சிறுநீரின் அமிலத்தன்மை மாறினால் சிட்ரேட்டின் கோடுகள் இடம் பெயரும். அதைக் கவனியாத பகுப்பாய்வு, அமிலத்தன்மையின் வேறுபாட்டை நோயின் அடையாளமாகக் காட்டிவிடக்கூடும். மாறிகள் மிகுந்து மாதிரிகள் குறையும்போது, தற்செயலான ஒற்றுமைகளே தெளிவான பிரிவினையாகத் தோன்றும் என்பதால், கணிப்பில் சேர்க்காத மாதிரிகளைக் கொண்டு முடிவைச் சோதிப்பது இன்றியமையாதது. கணக்கீட்டைக் கருவியோடு சேர்த்துக் கற்றவர்களே இத்துறையின் திருப்பங்களை உண்டாக்கினர். மென்பொருள் தரும் படத்தை அப்படியே ஏற்கும் ஆய்வேடு, எத்தனை வலிய காந்தத்தைப் பயன்படுத்தினாலும் நம்பத்தக்கதாகாது.