ஒரே வாயில் ஒரு சோள ரொட்டி: மாவைச் சரியாக வாங்கினால் பாதி வேலை முடிந்தது

சமையல் குறிப்பில் ‘சோள மாவு’ என்று இருக்கும். கடைக்குச் சென்று அதே பெயர் எழுதிய பொட்டலத்தை வாங்கி வருவோம். அளவும் நேரமும் பிசகாமல் செய்தும், ஓவனிலிருந்து வெளிவருவது வெளிறிப்போய், சோள வாசமே இல்லாமல், நாவில் மாவாக ஒட்டும் பண்டமாக இருக்கும். அமெரிக்கர்கள் விரும்பி உண்ணும் கார்ன்பிரெட் எனும் சோள ரொட்டியை இங்கே வீட்டில் செய்து பார்ப்போருக்கு எளிதில் நேரக்கூடிய ஏமாற்றம் இது. கைப்பக்குவத்தைக் குறைசொல்லும் முன் வாங்கிய மாவைப் பார்க்க வேண்டும். ஏனெனில், தமிழில் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு மாவுகள் உள்ளன.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் மற்றவை எளிது. மாவு ஊறும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்திற்குள் 24 சிறிய இனிப்புச் சோள ரொட்டிகளைச் செய்துவிடலாம். பிள்ளைகளின் பள்ளி உணவுப் பெட்டிக்கும் மாலைத் தேநீருக்கும் ஏற்ற அளவு இது.

மூன்று ‘சோள மாவு’கள்

முதலாவது, குழம்பையும் சூப்பையும் கெட்டியாக்கப் பயன்படும் கார்ன்ஃபிளவர். மலேசியப் பொட்டலங்களில் இது ‘தெபுங் ஜாகோங்’ என்று குறிப்பிடப்பட்டிருக்கும். சோள மணியிலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்தது இது. தூய வெண்மையாக இருக்கும். விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் ‘கறுக்’கென்று வழுக்கும். இதில் சோளத்தின் மணமும் நிறமும் கிடையாது. சோள ரொட்டிக்கு இது உதவாது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் சோளம் என்று சொல்லப்படும் சிறுதானியத்தின் மாவு. இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் ‘ஜோவார்’ என்றும் எழுதியிருக்கும். இது சத்தான மாவுதான். ஆனால், மஞ்சள் நிறக் கதிர்ச்சோளத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதிய தானியம் வந்தபோது, பழைய சோளத்திலிருந்து பிரித்துக்காட்ட அதனை மக்காச்சோளம் என்றனர். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் அதனையே சுருக்கமாகச் சோளம் என்கிறோம். அதனால் தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளைப் படிக்கும்போது கவனம் தேவை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. முழுச் சோள மணியைக் காயவைத்து அரைத்த மஞ்சள் மாவு. ரவைபோல் சற்று நறநறவென்று இருக்கும். பேரங்காடிகளில் கார்ன்மீல் என்ற பெயரில் கிடைக்கும். அது இல்லையென்றால், இத்தாலிய உணவுப்பொருள் வரிசையில் உள்ள பொலெந்தாவை வாங்கலாம். அதுவும் உடைத்த சோளம்தான். ‘இன்ஸ்டன்ட்’ பொலெந்தாவைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தப்பட்டது என்பதால் அது பாலை விரைவாக உறிஞ்சி ரொட்டியை இறுக்கிவிடும்.

வட இந்தியப் பொருள்கள் விற்கும் கடைகளில் மக்கி ஆட்டா கிடைக்கும். பஞ்சாபியர்கள் கடுகுக்கீரையுடன் உண்ணும் மக்கி ரொட்டிக்கான மாவு அது. மிக மென்மையாக அரைக்கப்பட்டிருந்தாலும் முழுச் சோளத்தின் மணம் இருக்கும் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வீட்டில் பெயர் எழுதாத டப்பாவில் உள்ள மாவு எது என்று தெரியவில்லையா? ஒரு தேக்கரண்டி மாவை அரைக் குவளைக் குளிர்ந்த நீரில் கலக்கவும். கார்ன்ஃபிளவர் என்றால் நீர் உடனே பால்போல் வெளுக்கும். கார்ன்மீல் என்றால் மஞ்சள் குருணை அடியில் தங்கும்.

இனிப்பு வந்த கதை

சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மெக்சிகோவில் பயிராக்கப்பட்டது. அமெரிக்கப் பூர்வகுடியினர் சோள மாவை நீரில் பிசைந்து சூடான கல்லிலும் சாம்பலிலும் சுட்டு உண்டனர். ஐரோப்பியக் குடியேறிகள் அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் பேக்கிங் பவுடர் புழக்கத்திற்கு வந்த பிறகே ரொட்டி இப்போதுள்ளதுபோல் உப்பி மென்மையானது.

சர்க்கரை சேர்ப்பதா வேண்டாமா என்பது அமெரிக்காவில் இன்றும் ஓயாத வாதம். தென்மாநிலங்களில் பலர் சர்க்கரையோ கோதுமை மாவோ சேர்க்காமல் இரும்புச் சட்டியில் சுடுவதே முறை என்பர். வடமாநிலங்களில் இரண்டையும் சேர்த்துக் கேக் போலச் செய்வது வழக்கம். மாசசூசெட்ஸ் மாநிலம் 1986ஆம் ஆண்டு சோள மஃபினைத் தனது அதிகாரபூர்வ மஃபினாகவே அறிவித்தது. இங்கே தரப்படும் செய்முறை வடமாநில வகையைச் சேர்ந்தது.

தேவையான பொருள்கள் (24 சிறிய துண்டுகளுக்கு)

மஞ்சள் கார்ன்மீல் அல்லது மக்கி ஆட்டா – 120 கிராம்
மைதா மாவு – 120 கிராம்
சர்க்கரை – 70 கிராம்
பேக்கிங் பவுடர் – 2 தேக்கரண்டி (தலைதட்டி)
உப்பு – அரைத் தேக்கரண்டி
பால் – 180 மில்லிலிட்டர்
முட்டை – 1
உருக்கிய வெண்ணெய் – 60 கிராம், தட்டில் தடவச் சிறிது கூடுதலாக

சோளத்தில் குளூட்டன் எனும் பசைத்தன்மையுள்ள புரதம் இல்லை. பேக்கிங் பவுடர் உருவாக்கும் காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைக்க அதனால் இயலாது. அதற்காகவே சரிபாதி மைதா சேர்க்கப்படுகிறது. மைதாவைக் குறைத்தால் ரொட்டி உதிரும். கூட்டினால் சோளச் சுவை மங்கும்.

செய்முறை

1. கார்ன்மீலைப் பாலில் கலந்து 15 நிமிடம் ஊறவைக்கவும். இந்தப் படியைத் தவிர்த்தால் ரொட்டி வெந்த பிறகும் பல்லில் மணல்போல் நெருடும். மக்கி ஆட்டா என்றால் 5 நிமிடம் போதும்.

2. இதற்கிடையே ஓவனை 200 டிகிரி செல்சியசில் சூடாக்கவும். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனுக்கும் முன்கூட்டியே சூடாக்குவது அவசியம். 24 குழிகள் உள்ள சிறிய மஃபின் தட்டில், ஓரங்கள் விடுபடாமல் வெண்ணெய் தடவவும்.

3. மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றை ஒரு பாத்திரத்தில் சலித்துக் கலக்கவும்.

4. ஊறிய சோளக் கலவையில் முட்டையை அடித்து ஊற்றி, சூடு ஆறிய வெண்ணெய்யையும் சேர்க்கவும். வெண்ணெய் கொதிக்கும் பதத்தில் இருந்தால் முட்டை திரிந்துவிடும்.

5. இதனை மாவுக் கலவையில் ஊற்றி, கரண்டியால் 10 முதல் 15 முறை மட்டும் புரட்டவும். அங்கங்கே சிறு கட்டிகள் இருந்தால் கவலை வேண்டாம். தோசை மாவைப்போல் அடித்துக் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை கூடி ரொட்டி இறுகிவிடும்.

6. ஒவ்வொரு குழியிலும் முக்கால் அளவு ஊற்றி உடனே ஓவனில் வைக்கவும். 10 முதல் 12 நிமிடம் வேகவிடவும். நடுவில் பல்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. ஓரங்கள் பொன்னிறமாகி, தட்டிலிருந்து சற்று விலகியிருக்கும்.

7. வெளியே எடுத்து 5 நிமிடத்தில் தட்டிலிருந்து பிரித்துக் கம்பி வலைமேல் ஆறவிடவும். தட்டிலேயே விட்டால் ஆவி வெளியேறாமல் அடிப்பாகம் ஈரமாகிவிடும்.

சிறிய துண்டுகள் பெரிய ரொட்டியைவிட வேகமாக வேகும். அதே வேகத்தில் காயவும் செய்யும். 2 நிமிடம் கூடினாலே வறண்டுவிடும். அதனால் ஒன்பதாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது. கறுப்பு நிறத் தட்டு வெப்பத்தை அதிகம் உள்வாங்கும் என்பதால், அதைப் பயன்படுத்துவோர் 10 டிகிரி குறைத்து வைக்கலாம்.

ஓவன் இல்லையா? பணியாரச் சட்டி போதும்

குழிப்பணியாரச் சட்டி இருந்தால் ஓவன் இல்லாமலும் செய்யலாம். குழிகளில் நெய் விட்டு நன்கு சூடானதும் தீயைக் குறைத்து, முக்கால் குழிக்கு மாவு ஊற்றி மூடவும். 3 அல்லது 4 நிமிடத்தில் திருப்பிப்போட்டு, மேலும் 2 நிமிடம் வேகவிடவும். சர்க்கரை இருப்பதால் தீ கூடினால் வெளிப்பக்கம் கருகி உள்ளே மாவாக இருக்கும். சூடான இரும்பில் கொழுப்பு விட்டுச் சுடுவதால் மொறுமொறுப்பான மேற்புறம் கிடைக்கும். அமெரிக்கத் தென்மாநிலத்தவர் இரும்புச் சட்டியைக் கைவிடாததற்கும் அதுவே காரணம்.

காற்றுப் பொரிப்பான் உள்ளோர் சிலிகான் கிண்ணங்களில் ஊற்றி, 170 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைக்கலாம்.

முட்டை, பால் தவிர்ப்போருக்கு

முட்டைக்குப் பதில் 4 மேசைக்கரண்டி கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்க்கலாம். பால் உண்ணாதோர் 120 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலில் 60 மில்லிலிட்டர் நீர் கலந்து பயன்படுத்தலாம்; வெண்ணெய்க்குப் பதில் 50 மில்லிலிட்டர் சமையல் எண்ணெய். சோளமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சுவை நம் ஊர்ப் பலகாரங்களில் பழகியதுதான். விரும்பினால் வேகவைத்து நீர் வடித்த சோள முத்துகளையும் ஒரு கைப்பிடி சேர்க்கலாம்.

சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஓவன் சூட்டிலும் அழியாமல் இருக்கலாம்.

சிறியதுதான், ஆனாலும் கணக்கு உண்டு

சிறிய பண்டங்களில் எத்தனை சாப்பிட்டோம் என்பது தெரிவதில்லை. இந்த அளவின்படி ஒரு துண்டில் ஏறக்குறைய 3 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ளது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் குறைக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனப் பரிந்துரையின் கணக்கு. 8 துண்டுகள் சாப்பிட்டாலே அந்த 25 கிராமை நெருங்கிவிடும். தேநீரில் போடும் சர்க்கரை தனி.

சர்க்கரையை 40 கிராமாகக் குறைத்தாலும் ரொட்டி நன்றாகவே வரும். நிறம் சற்று வெளிறும், ஈரப்பதமும் கொஞ்சம் குறையும். சோளம் என்பதால் நீரிழிவு உள்ளோருக்கு ஏற்றது என்று எண்ணிவிடக்கூடாது. சோளமும் மைதாவும் மாவுச்சத்து மிகுந்தவைதான். மைதா சேர்ந்திருப்பதால் குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் இது உகந்ததன்று. விருந்தினருக்குப் பரிமாறும்போது இதைச் சொல்லிவிடுவது நல்லது.

குறை எங்கே?

உப்பவில்லை என்றால் பேக்கிங் பவுடர் பழையதாக இருக்கலாம். சிறிதளவை வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நுரைக்கவில்லை என்றால் புதிதாக வாங்கவும். உள்ளே நீண்ட துளைகள் இருந்தால் மாவை அதிகம் கலக்கியிருக்கிறோம் என்று பொருள். அதிகமாக உதிர்ந்தால், மைதா குறைந்திருக்கலாம் அல்லது சூடு ஆறும் முன்பே தட்டிலிருந்து எடுத்திருக்கலாம்.

பாதுகாப்பது எப்படி?

நம் வெப்பத்திற்கும் ஈரக்காற்றுக்கும் இந்த ரொட்டி வெளியில் ஒரு நாளுக்குமேல் தாங்காது. முழுவதும் ஆறிய பிறகு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் 2 மாதம்வரை பயன்படுத்தலாம். உறைந்ததை நேராக 160 டிகிரி ஓவனில் 5 முதல் 7 நிமிடம் வைத்தால் மீண்டும் மென்மையாகும்.

பிரித்த கார்ன்மீல் பொட்டலத்தையும் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். முழுச் சோளத்தின் முளைப்பகுதியில் எண்ணெய் உள்ளதால், வெளியில் வைத்தால் சிக்கல் வாடை வந்துவிடும், வண்டும் விழும். டப்பாவில் போட்டதும் ‘சோள மாவு’ என்று மட்டும் எழுதாமல் ‘மஞ்சள் கார்ன்மீல், ரொட்டிக்கு’ என்று எழுதி ஒட்டவும். அடுத்தமுறை வீட்டில் வேறு யார் சமையலறைக்குள் நுழைந்தாலும் மாவு மாறாது.