கேட்கப்படாத சாட்சி

ஜோன் ஃபோர்ட் 1962இல் நெறிப்படுத்திய 'லிபர்ட்டி வலன்ஸைச் சுட்ட மனிதன்' என்னும் படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. இன்னும் மாநிலமாக ஏற்கப்படாத ஒரு மேற்குப் பிரதேசத்திலே ஷின்போன் என்னும் சிற்றூர். கிழக்கிலிருந்து சட்டப் புத்தகங்களோடு வந்திறங்கிய இளம் வழக்கறிஞர் ஒருவர் ஊராருக்கு எழுத்தும் அரசியலும் கற்பிக்கிறார். மெக்சிக்கக் குழந்தைகள், உணவுச்சாலையிலே பணிபுரியும் பெண், குடியேறி வந்த சுவீடன் நாட்டு மாது ஆகியோர் மாணவர்கள். அவர்கள் நடுவே, ஏறக்குறைய ஆறேகால் அடி உயரமான ஒரு கறுப்பின மனிதனும் அமர்ந்திருக்கிறான். பெயர் பொம்பி. ஆசிரியர் கேட்டதும் எழுந்து நின்று, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் அந்தப் பெயர்பெற்ற வாக்கியத்தைச் சொல்லத் தொடங்குகிறான். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற இடத்துக்கு வந்ததும் சொல் தடைப்பட்டுவிடுகிறது. தெரியும், ஆனால் மறந்துவிட்டேன் என்கிறான். அதனாலென்ன, அந்தப் பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் தேற்றுகிறார். பின்சுவரிலே ஆபிரகாம் லிங்கனின் படம் தொங்குகிறது.

காட்சி அத்துடன் முடிந்திருந்தால் ஒரு நல்ல நகையாக நின்றிருக்கும். ஆனால் உடனே பொம்பியின் எஜமானன் டொம் டொனிபன் உள்ளே நுழைகிறான். வேலை கிடக்கப் பள்ளியிலே நேரத்தை வீணாக்குகிறாயா என்று அதட்டுகிறான். பொம்பி எழுந்து போய்விடுகிறான். டொனிபனாக நடித்தவர் ஜோன் வெய்ன். ஒன்பது ஆண்டுகளின் பின், 1971இல், ஒரு சஞ்சிகைப் பேட்டியில் இதே வெய்ன், கறுப்பர்கள் பொறுப்புணரும் அளவுக்குக் கல்வி பெறும்வரை வெள்ளையரின் மேலாதிக்கத்திலேயே தமக்கு நம்பிக்கை என்று கூறினார். வகுப்பறையிலிருந்து பொம்பியை வெளியேற்றியவர் கூறிய கூற்று அது. ஆசிரியத் தொழில் புரியும் வாசகர்கள் இதனைச் சற்று நின்று யோசிக்கலாம்.

படத்தின் கதை யாவரும் அறிந்தது. லிபர்ட்டி வலன்ஸ் என்னும் கொடியவனைச் சுட்டவன் என்ற புகழாலே வழக்கறிஞர் செனட்டராக உயர்ந்துவிடுகிறார். உண்மையிலே சுட்டவன் இருளில் மறைந்து நின்ற டொனிபன். அந்த இருளில் அவனுக்குத் துப்பாக்கியை எறிந்து கொடுத்தவனும், சுட்டபின் அதனைத் திரும்ப ஏந்திக்கொண்டவனும் பொம்பி. ஆண்டுகள் பல சென்றபின் டொனிபனின் சவப்பெட்டியருகே முதியவனாய்த் தனித்திருக்கிறான் பொம்பி. செனட்டர் அடுத்த அறையில் பத்திரிகையாளருக்கு முழுக் கதையையும் சொல்கிறார். நேரிலே கண்ட சாட்சி ஒருவன் பக்கத்து அறையில் உயிருடன் இருக்கிறான். அவனை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தப் பொம்பியாக நடித்தவர் வூடி ஸ்ட்ரோட். கௌபோய்ப் படங்களில் கதாநாயகனுக்குப் பின்னே குதிரை பிடித்துக்கொண்டும், வாசலிலே காவல் நின்றும், வில்லேந்தியும், இறுதியில் சுடுபட்டும் காலங்கழித்த துணை நடிகர். அமெரிக்க மேற்குப்புற வரலாற்றுக்கும் அவருடைய தொழில் வாழ்வுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கறுப்பு மனிதன் எப்போதும் இருந்தான். இரண்டிலும் அவன் வாக்குமூலம் பதியப்படவில்லை.

ஸ்ட்ரோட் 1914 ஜூலை 25இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பிறந்தார். பெற்றோர் அவருக்கு அன்றைய ஜனாதிபதியின் பெயரையே வைத்தனர்: வூட்ரோ வில்சன். அந்த வில்சனின் ஆட்சியிலேதான் 1913 முதல் மத்திய அரசாங்கத்தின் தபால், திறைசேரி அலுவலகங்களில் கறுப்பு ஊழியர் தனியே பிரித்து இருத்தப்பட்டனர். கொலைபாதகக் கும்பலான கு குளுக்ஸ் கிளானை வீரர் குழாமாகப் போற்றிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படம் 1915இல் வெள்ளை மாளிகையிலே திரையிடப்பட்டதும் அவர் காலத்தில்தான். அப்படத்திலே முகமூடியணிந்த கிளான் குதிரைக்காரருள் ஒருவராகத் தாமும் சவாரி செய்ததாக ஜோன் ஃபோர்ட் பிற்காலத்தில் சொல்லி வந்தார். ஸ்ட்ரோட்டின் வாழ்வை மாற்றிய நெறியாளர் அவரே என்பதால் இதனை இங்கே குறித்து வைக்கிறேன்.

நடிகராகு முன்னர் ஸ்ட்ரோட் விளையாட்டு வீரர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் அணியிலே 1939ஆம் ஆண்டில் கென்னி வாஷிங்டன், ஜக்கி ரொபின்சன், ரே பார்ட்லெட் ஆகியோருடன் அவரும் ஆடினார். ஒரே அணியில் நான்கு கறுப்பு மாணவர். அவ்வாண்டு அவ்வணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதி ஆட்டத்தைக் காண ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கூடியது. ஆனால் பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் கதவு மூடிக்கொண்டது. தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்டத் தேசிய சங்கத்திலே 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பு ஆட்டக்காரரேனும் இல்லை. எழுதப்பட்ட தடைச்சட்டம் எதுவும் இருக்கவில்லை. முதலாளிகளிடையே ஓர் உடன்பாடு, அது போதுமானதாயிருந்தது.

அதை உடைத்தது எவரது பெருந்தன்மையுமன்று. 1946இல் றாம்ஸ் அணி கிளீவ்லாந்திலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்கு இடம்பெயர்ந்து, நகரின் பொது மைதானத்தை வாடகைக்குக் கேட்டது. மக்கள் வரிப்பணத்திலே கட்டிய மைதானம் மக்களுள் ஒரு பகுதியினரை விலக்கும் அணிக்குக் கொடுபடலாமா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கேள்வி எழுப்பினர். அந்த நெருக்குதலினாலே முதலில் வாஷிங்டனும், பின்னர் அவருக்குத் துணையாக ஸ்ட்ரோட்டும் அமர்த்தப்பட்டனர். ரொபின்சன் பேஸ்போல் ஆட்டத்திலே நிறத்தடையைக் கடந்த 1947ஆம் ஆண்டுக்கு இது ஓராண்டு முந்தியது. ஆயினும் அந்த நிகழ்ச்சி பெற்ற புகழில் நூறில் ஒரு பங்கும் இதற்குக் கிட்டவில்லை. ஸ்ட்ரோட்டுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஒரு பருவம் ஆடியதும் நீக்கப்பட்டார். கனடாவுக்குச் சென்று கல்கரி அணியிலே சேர்ந்து, 1948இல் அந்நாட்டின் கிரே கிண்ணத்தை வென்ற குழுவில் ஒருவரானார். மேடை மல்யுத்தமும் செய்தார்.

ஹொலிவூட் அவரிடம் கண்டது உடம்பை மட்டுமே. ஆபிரிக்கக் காடுகளைப் பற்றிய மலிவுப் படங்களிலே ஈட்டி பிடித்து நின்றார். 1956இல் 'பத்துக் கட்டளைகள்' படத்திலே எத்தியோப்பிய மன்னராகச் சில கணம் தோன்றினார். அதற்குமேல் ஒன்றுமில்லை.

1960இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று கௌபோய்ப் படமன்று. ஆனால் அதனை விட்டு ஸ்ட்ரோட்டைப் பேசமுடியாது. 'ஸ்பார்ட்டகஸ்' நாவலை எழுதிய ஹவார்ட் ஃபாஸ்ட், திரைக்கதை எழுதிய டோல்ற்றன் ட்ரம்போ ஆகிய இருவருமே விசாரணைக் குழுக்களுக்குப் பணியாமல் 1950இல் சிறை சென்றவர்கள். பத்தாண்டுக் கறுப்புப் பட்டியலுக்குப் பின் ட்ரம்போவின் சொந்தப் பெயர் திரையிலே தோன்றிய படங்களுள் இது ஒன்று. இதிலே திராபா என்னும் எத்தியோப்பிய அடிமை வீரனாக ஸ்ட்ரோட் வருகிறார். உரோமச் சீமாட்டிகளின் பொழுதுபோக்குக்காக ஸ்பார்ட்டகசுடன் பொருதி, அவனை வீழ்த்தி, சூலத்தை அவன் கழுத்திலே வைக்கிறார். கொல் என்று மேலிருந்து சைகை வருகிறது. அவர் கொல்லவில்லை. சூலத்தை மேலேயிருந்த எஜமானரை நோக்கி வீசிவிட்டு, அவர்களை நோக்கித் தாவி ஏறிக் கொலையுண்கிறார். பேசும் சொற்கள் மிகச் சில. ஆனால் அந்த மறுப்பிலிருந்துதான் அடிமைகளின் கிளர்ச்சியே பிறக்கிறது. துணைப் பாத்திரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் உண்மைப் பொருளை இக்காட்சி உணர்த்துகிறது.

மற்றையது ஃபோர்டின் 'சார்ஜன்ட் ரட்லெஜ்'. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1866இல் கறுப்பு வீரரைக் கொண்ட ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைகள் அமைக்கப்பட்டன. அந்த ஒன்பதாம் படையின் சார்ஜன்ட் ஒருவர்மீது, வெள்ளைச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாகவும் அவள் தந்தையான மேலதிகாரியைக் கொன்றதாகவும் இராணுவ நீதிமன்றத்தில் குற்றஞ் சாட்டப்படுகிறது. இதே பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தென் மாநிலங்களிலே எத்தனையோ பேர் மரங்களில் தூக்கப்பட்டனர் என்பதை நினைவிற்கொண்டால், அக்கதையை அந்த ஆண்டிலே எடுத்ததன் துணிவு விளங்கும். வட கரோலினாவிலே கறுப்பு மாணவர் உணவுச்சாலை மேசைகளில் அமர்ந்து எழ மறுத்த ஆண்டும் அதுவே. தப்பியோட வாய்ப்பிருந்தும், பதுங்கியிருக்கும் அப்பாச்சிகளிடமிருந்து தன் படையினரைக் காக்க ரட்லெஜ் ஆற்றைக் கடந்து குதிரையிலே திரும்பி வருகிறான். அந்தச் சவாரியைப் பற்றிப் பின்னர் பேசும்போது, ஒரு கறுப்பு இனம் முழுவதையுமே தாம் அந்த ஆற்றைக் கடத்திச் சென்றதாக ஸ்ட்ரோட் பெருமிதங் கொண்டார். அது மிகையன்று.

ஆயினும் குறையையும் சொல்லவேண்டும். படத்தின் நாயகன் ரட்லெஜ். விளம்பரத்திலே முதற் பெயர் அவனுக்காக வாதாடும் வெள்ளை அதிகாரியாக நடித்த ஜெஃப்ரி ஹன்டருடையது. ஸ்ட்ரோட்டின் பெயர் நான்காவது. அவன் கதையைப் பெரும்பாலும் வேறு சாட்சிகளே சொல்கிறார்கள். இன்னொன்று, நேற்றுவரை அடிமையாயிருந்தவனைக் கொண்டே ஆதிக்குடிகளின் நிலத்தைப் பறித்த அரசின் சூழ்ச்சியைப் பற்றி ஃபோர்ட் வாய் திறக்கவில்லை. விடுதலையானவன் மனிதனென்று ஒப்புக்கொள்ளப்படுவதற்கு இன்னொரு மக்களை ஒடுக்கும் சீருடையை அணியவேண்டியிருந்தது. இந்தக் கொடுமையைப் படம் வீரமாக மட்டுமே கண்டது.

ஆனால் கௌபோய்ப் படங்கள் சொன்ன பெரிய பொய்யோடு ஒப்பிடும்போது இக்குறை சிறிது. டெக்சாசிலிருந்து வடக்கே மாட்டுமந்தைகளை ஓட்டிச் சென்ற கூலியாட்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். மெக்சிக்கர் வேறு. புழுதியிலும் மழையிலும் மாதச் சம்பளத்துக்கு மாடு மேய்த்த இந்தத் தொழிலாளிதான் திரையிலே வெள்ளை வீரனாய், கூலியும் எஜமானனும் அற்ற தனிப்பிறவியாய் மாறினான். அவனுடைய தொழில் மறைந்தது. அவனுடைய நிறமும் மறைந்தது. இரண்டையும் மறைத்த கை ஒன்றே.

நிறத்தை வேண்டியபடி மாற்றும் வழக்கத்துக்கு ஸ்ட்ரோட்டும் உட்பட்டார். ஆதிக்குடி இரத்தமும் தம்மில் உண்டு என்று அவர் கூறிவந்தார். ஸ்ரூடியோக்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. வெள்ளையரல்லாத எவராகவும் அவர் ஆகலாம். ஃபோர்டே அவரை 1961இல் கொமாஞ்சி வீரனாகவும், 1966இல் தமது கடைசிக் கதைப்படத்திலே மொங்கோலியக் கொள்ளையனாகவும் ஆக்கினார். அதே 1966இல் ரிச்சர்ட் புரூக்சின் 'த புரொபெஷனல்ஸ்' வந்தது. கூலிக்குப் போகும் நால்வரின் கதை அது. பேர்ட் லங்காஸ்டர், லீ மார்வின், ரொபேர்ட் றையன் மூவரோடும் தோளொத்து நின்று வில்லெய்தார் ஸ்ட்ரோட். கதையில் நால்வரும் சமம். சுவரொட்டியின் பெரிய எழுத்துக்களிலே மூவர் பெயர் இருந்தது. நான்காமவர் பெயர் இல்லை.

ஆகவே அவர் இத்தாலிக்குப் போனதில் வியப்பில்லை. அங்கே வேலையும் கிடைத்தது, கூலியும் கூடியது. 1968இல் வலேரியோ சுர்லினி நெறிப்படுத்திய படமொன்றில் சிறைப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகிக் கொல்லப்படும் ஆபிரிக்க மக்கள் தலைவனாக நடித்தார். 1961இல் கொங்கோவிலே கொலையுண்ட பத்திரிஸ் லுமும்பாவை மனத்திற்கொண்டு வார்த்த பாத்திரம் அது. தாய்நாடு தரமறுத்த முதன்மைப் பாத்திரத்தை அவர் பெற்றது அங்கேதான். அதே ஆண்டில் செர்ஜியோ லெயோனின் படத்தொடக்கத்திலே புகைவண்டி நிலையத்தில் காத்திருக்கும் மூன்று கொலைஞருள் ஒருவராய் வருகிறார். மொட்டைத் தலையிலே நீர் சொட்டுகிறது. தொப்பியை அணிந்துகொள்கிறார், தொப்பியிலே தேங்கிய நீரைப் பின்னர் அருந்துகிறார். ஒரு சொல்லும் இல்லை. ஏறக்குறைய பத்து நிமிடங்களில் இறந்துவிடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்தவர் எவரும் அம்முகத்தை மறந்ததில்லை.

அவரைப் புரட்சியாளராக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. மேடையேறி முழங்கியவரல்லர். ஃபோர்ட் தம்மை நடத்திய விதத்தில் எஜமானத்தனம் நிறையவே இருந்தும், அவருடைய கடைசி நாட்களில் அருகிருந்து பணிவிடை செய்தவர். 1973இல் அவர் உயிர் பிரிந்தபோதும் பக்கத்திலிருந்தவர். இது நன்றியா, பொம்பியின் பாத்திரம் திரைக்கு வெளியேயும் தொடர்ந்ததா என்று சிலர் கேட்கலாம். தமக்கு மலைமேல் நின்று சவாரி செய்ய இடங்கொடுத்த ஒரே மனிதரை அவர் மறக்கவில்லை என்றே நான் கொள்கிறேன். அத்தகையவர் ஒருவரேயாக இருந்தது ஸ்ட்ரோட்டின் குற்றமன்று.

1993இல் மாரியோ வான் பீபிள்ஸ் என்னும் கறுப்பின நெறியாளர், கறுப்புக் குதிரைவீரரைப் பற்றி 'பொசி' என்னும் படத்தை எடுத்தார். படம் அத்தனை சிறந்ததன்று. ஆனால் அதன் தொடக்கத்திலே ஒரு கிழவர் நேரே எம்மைப் பார்த்து, மேற்கின் கதையிலிருந்து தம் மக்கள் எவ்வாறு விடுபட்டுப் போயினர் என்று சொல்லத் தொடங்குகிறார். அந்தக் கிழவர் வூடி ஸ்ட்ரோட். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

1994 டிசம்பர் 31இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய கடைசிப் படத்தில் அவர் சவப்பெட்டி செய்யும் தச்சர். படத்தை அவர் நினைவுக்கே அர்ப்பணித்திருந்தனர். அதே 1995இல் 'டோய் ஸ்ரோரி' என்னும் சித்திரப்படம் உலகெங்கும் ஓடியது. அதன் நாயகனான கௌபோய்ப் பொம்மைக்கு வூடி என்ற பெயர் ஸ்ட்ரோட்டின் நினைவாகவே வைக்கப்பட்டது என்று அதனை ஆக்கியவர்களுள் ஒருவர் பின்னர் தெரிவித்தார். பொம்மையின் முகம் வெள்ளை நிறம்.