நானுஓயாவும் லண்டன் தேநீர்க் கடைகளும்

ஓர் உணவக நிறுவனம் வளர்கிறதா என்று கேட்டால் கிளைகளைத்தான் எண்ணிக் காட்டுவார்கள். இந்த ஆண்டு எத்தனை கடை திறந்தது, பழைய கடைகளில் விற்பனை எவ்வளவு கூடியது என்பதே பேச்சாக இருக்கும். இந்தக் கணக்கைப் பிழை என்று சொல்லமாட்டேன், பாதிக் கணக்கு என்பேன். மறுபாதி, கடையில் விற்கும் பண்டம் எங்கே, யாருடைய கூலியில் விளைந்தது என்பதில் இருக்கிறது. உலகின் முதல் பெரிய கிளை உணவகங்களில் சேர்ந்த லண்டன் தேநீர்க் கடைகளுக்கு அந்த மறுபாதியைத் தேடினால், இலங்கை மலையகத்தின் நானுஓயாவைக் கடக்காமல் போக முடியாது.

மலையகத்தின் ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அடுத்த கட்டமாக அப்புத்தளைக்கு அது போய்ச்சேர்ந்தது 1893இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் நானுஓயாதான் கடைசி நிலையம். அதற்கப்பால் இருந்த தோட்டங்களுக்கு மாட்டுவண்டிப் பாதையின் முடிவும் அதுவே. இந்த எட்டு ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்துவிட்டிருந்தது. 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1880களின் இறுதியில் இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் சேர்ந்து பிரித்தானியச் சந்தையில் சீனத் தேயிலையை முந்தின. 1890இல் கிளாஸ்கோவின் பலசரக்குக் கடைக்காரர் தோமஸ் லிப்டன் நேரே இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். 1894இல் லண்டன் பிக்காடிலியில் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. பிற்காலத்தில் அந்தக் கடைகள் 200ஐத் தாண்டின.

லண்டன் கடைகளைப் பெருக்கியது இந்த மலைகளின் தேயிலைதான் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லண்டனில் தேநீர்க் கடைகளைத் தொடக்கிவைத்தது லயன்ஸ் அல்ல; 1864இலேயே ஏரேட்டட் பிரெட் கம்பனி அதைச் செய்துவிட்டது. அப்போது இந்த மலைகளில் கோப்பிதான் நின்றது, கோப்பையில் இருந்தது சீனத் தேயிலை. ஆகவே கடைகளை வளர்த்தது லண்டனின் அலுவலகக் கூட்டமும், மதுவிலக்கு இயக்கமும், தனியாக வெளியே வந்து உண்ண இடம் தேடிய பெண்களும்தான் என்று வாதிடலாம். அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடங்குவது வேறு, பெருகுவது வேறு. நூறு கடைகளில் ஒரே சுவை, ஒரே விலை, அதுவும் ஓர் எழுதுவினைஞர் கொடுக்கக்கூடிய விலை என்றால், தேயிலை மலிவாகவும் தடையின்றியும் ஒரே தரத்திலும் வந்துகொண்டே இருக்கவேண்டும். அதைக் கொடுத்தவை தோட்டமும் ஆலையும் ரயிலும்.

வளர்ச்சியைக் கண்காணிப்பதிலும் லயன்ஸ் முன்னோடி. உலகில் வணிகக் கணக்கைச் செய்த முதல் கணினியான லியோவை அந்த நிறுவனமே கட்டியது. 1951இல் பேக்கரி உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட்டுத் தொடங்கிய அந்த இயந்திரம், பின்னர் கடைகளின் அன்றாடத் தேவையையும் தேயிலைக் கலவையையும் கூடக் கணக்கிட்டது. எண்ணும் பழக்கம் மலையகத்துக்கும் புதிதல்ல. காலையில் பெரட்டுக்களத்தில் ஆளை எண்ணினார்கள். கொழுந்து மடுவத்தில் நிறை பார்த்து, சொன்ன அளவு குறைந்தால் 'அரைப் பேர்' போட்டார்கள். கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏற்றினார். ஆனால் லியோ ஓடத் தொடங்கிய காலத்தில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் எண்ணப்படாதவர்களாகிவிட்டனர். ஒரு கோப்பை தேநீரின் இரு முனைகளில் ஒன்று மட்டும் துல்லியமாக எண்ணப்பட்டது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

தோட்ட மக்கள் வெளியே வாங்கி உண்ணும் பழக்கமில்லாதவர்கள், அதனால்தான் மலையகத்தில் அப்படியான கடைகள் பெருகவில்லை என்பார்கள். பழக்கத்துக்கு முன் கையில் காசு வேண்டும். தொழிலாளியின் கடனைச் சீட்டில் குறித்துக் கொடுக்கும் கங்காணியின் துண்டு முறை 1921இல் ஒழியும்வரை தொழிலாளி கடனோடுதான் தோட்டம் மாறினார். அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் கழித்துக்கொண்டது. மிஞ்சிய சில்லறை நகரத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு ரொட்டிக்கும் சம்பலுக்கும் போதுமாயிருந்தது. 1993இல் பீட்சா ஹட்டும் 1998இல் மெக்டொனால்ட்ஸும் கொழும்புக்கு வந்தன. மெக்டொனால்ட்ஸின் 12 கடைகள் 2024இல் ஒரே அடியாக மூடப்பட்டதையும் நாடு கண்டது. தோட்டத்திலோ, நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்ற சம்பளத்துக்காகப் பல ஆண்டு போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது.

ஆயினும் கொழும்பின் உணவகத் தொழிலில் மலையகம் இல்லாமலில்லை. ரொட்டி வீசுவதிலிருந்து மேசை துடைப்பது வரை தோட்டப் பிள்ளைகள் பலர் அங்கே உழைக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய நாட்களில் உடரட்ட மெனிக்கே ரயில் நானுஓயாவில் நிற்கும்போது, உடுப்புப் பைகளோடும் பலகாரப் பெட்டிகளோடும் அவர்கள் இறங்குகிறார்கள். தேயிலைப் பெட்டிகள் கீழே போன அதே தண்டவாளம்.