ஆதிச்சநல்லூர் ஈம மட்கலங்கள்

ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணியின் கரையில் அமைந்த இரும்புக்கால ஈமக்காடு. 114 ஏக்கர் பரப்புடைய இப்பறம்பில் முதுமக்கள் தாழிகளும், இறந்தோருக்குப் படைக்கப்பட்ட மட்கலங்களும் பெருமளவில் கிடைத்துள்ளன.

அகழாய்வுகள்

1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் இங்கு முதலில் அகழ்ந்தார். கிடைத்த பொருட்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். மட்கலங்களுடன் இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருட்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் ஆகியவற்றையும் அவர் கண்டெடுத்தார். 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் தி. சத்தியமூர்த்தி நடத்திய அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

நிறமும் உருவமும்

இங்குள்ள கலங்களில் கருப்பு-சிவப்பு வகை குறிப்பிடத்தக்கது. சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப்படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும் என்பது பொதுவான விளக்கம். சில கலங்களில் வெண்ணிறக் கோடுகளும் புள்ளிகளும் தீட்டப்பட்டுள்ளன. 2004-05 அகழாய்வில் கிடைத்த ஓர் ஓட்டில் பெண், பறவை, மான், முதலை ஆகியவை களிமண்ணை ஒட்டிப் புடைப்புருவாக அமைக்கப்பட்டுள்ளன.

ஈரானியக் கலங்களுடன் ஒப்பீடு

இறந்தோருடன் அழகிய கலங்களை வைக்கும் வழக்கம் ஈரானிலும் இருந்தது. சூசாவின் கல்லறைகளில் கிடைத்த சுமார் 6,000 ஆண்டுப் பழமையான குவளைகளில் வளைந்த பெருங்கொம்புடைய காட்டாடு தீட்டப்பட்டுள்ளது. காசான் அருகே தெப்பே சியால்க்கில் 1930களில் ரோமன் கிர்ஷ்மன் அகழ்ந்த இடுகாட்டில், பறவை அலகு போன்ற நீண்ட மூக்குடைய சாடிகள் கிடைத்தன. கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த இவற்றில் குதிரையும் வடிவியல் கோலங்களும் உள்ளன. ஈரானியக் குயவர் தூரிகையால் பெற்ற அழகை, ஆதிச்சநல்லூர்க் குயவர் பெரிதும் சூளைத் தீயால் பெற்றனர். இவ்விரு மரபுகளுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததற்குச் சான்றில்லை.

கிடைத்த இடத்தின் மதிப்பு

ஈமக் கலத்தின் பொருள் அதன் ஓவியத்தில் மட்டும் இல்லை. அது எலும்பின் எப்பக்கம் இருந்தது, உள்ளே தானியம் இருந்ததா, உடன் எவை வைக்கப்பட்டன என்பவையே அக்கால மக்கள் சாவை எவ்வாறு எண்ணினர் என்பதைக் காட்டுகின்றன. ஆதிச்சநல்லூர்க் கலங்களில் நெல் உமி இருந்ததை ரீ பதிவு செய்ததால்தான் அவற்றில் உணவு படைக்கப்பட்டதை அறிகிறோம். ஈரானில் இருபதாம் நூற்றாண்டில் விற்பனைக்காகத் தோண்டப்பட்ட கல்லறைகளின் கலங்கள் பல, இத்தகைய செய்தி எதுவுமின்றி வெளிநாடுகளைச் சென்றடைந்தன. அவற்றின் ஓவியம் எஞ்சியது. அவை யாருக்காக வைக்கப்பட்டன என்பது அழிந்தது.

2023இல் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைக்கப்பட்டது. தாழிகளை அவை புதைக்கப்பட்ட இடத்திலேயே இன்று காணலாம்.