சாணிக்குவியலின் சூடும் லயத்து வெளிச்சமும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு ஒரு காட்சி மறக்காது. மாட்டுப்பட்டிக்குப் பின்னால் சாணியும் புல்லும் மக்கிய குவியல், குளிர்காலைகளில் ஆவி விட்டுக்கிட்டு நிற்கும். "கைய வைக்காத, சுடும்" என்பார் அப்பாயி. அந்தச் சூட்டை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். குவியல் 50 பாகை செல்சியஸை நெருங்கும்போது சாதாரண பற்றீரியாக்கள் ஒதுங்கிவிடும். வெப்பத்தை விரும்பும் இனங்கள் வேலையைத் தொடரும். அப்படிப்பட்ட இனங்களில் சில மின்சாரமும் தரும் என்று கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் வாசித்தோம்.

1911இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். சி. பொட்டர் என்ற தாவரவியலாளர், நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது மின் உண்டாவதை அளந்து காட்டினார். கிடைத்தது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அது நீர்மின்சாரத்தின் காலம். அடுத்த வருஷமே, 1912இல், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூலில் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அமைத்த சிறு மின்நிலையம் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தது.

நுண்ணுயிரின் கதை மெதுவாகத்தான் நகர்ந்தது. நாம் மூச்சுவிடும்போது உணவிலிருந்து வரும் இலத்திரன்கள் ஒட்சிசனுக்குப் போகின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் அவற்றை இரும்புக் கனிமத்துக்குக் கொடுக்கும். அந்த இடத்தில் மின்வாயை வைத்தால் அதற்கும் கொடுக்கும். குரில் தீவுகளின் வெந்நீரூற்று ஒன்றில் கிடைத்த தெர்மின்கோலா ஃபெரியசெட்டிகா 60 பாகையளவிலும் இதைச் செய்கிறது. இதன் உறவினமான தெர்மின்கோலா பொட்டென்ஸ், கலிபோர்னியாவில் 55 பாகையில் இயங்கிய நுண்ணுயிர் மின்கலத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. சூடான கழிவைக் குளிரவைக்காமலே பயன்படுத்தலாம் என்பதுதான் இவற்றின் மீதுள்ள ஆர்வம்.

இந்தக் கலங்கள் இன்றைக்குச் சின்ன உணரிகளை இயக்கும் அளவுக்குத்தான் மின் தருகின்றன. லயத்து பல்பு இதில் எரியும் என்று நாங்க ஆசை காட்டப் போவதில்லை. ஆனாலும் லக்ஷபான ஞாபகம் வருது. 1950இல் அந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மலையில் விழுந்த மழை மின்சாரமாகிக் கொழும்புக்கு இறங்கியது. வயர் தலைக்கு மேலால் போக, பல லயங்களில் இன்னும் பல பத்தாண்டுகள் குப்பி லாம்புதான். எங்க அப்பாயியும் அந்த வெளிச்சத்தில்தான் சோறாக்கினார்.

குப்பையிலிருந்து மின்சாரம் ஒருநாள் பெரிசாக வரலாம். சாணியும் புல்லும் தோட்டத்தில் இருக்கு, அள்ளுகிற கையும் இங்கதான் இருக்கு. முதல் வயர் எந்தப் பக்கம் போகும் என்பதை இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுவைப்போம்.