யுஎஸ்பி டிரைவ் மூலம் லேப்டாப் பயாஸை பாதுகாப்பாக அப்டேட் செய்வது எப்படி?

ராமகுப்பம் போன்ற ஊரில் இருந்துகொண்டு பெங்களூரு அல்லது சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவருக்கு, லேப்டாப்தான் அலுவலகம். அது திடீரென 'ஆன்' ஆகவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்காக வேறு ஊருக்குப் போக வேண்டும். பயாஸ் அப்டேட் என்றாலே பலர் தயங்குவதற்குக் காரணம் இந்த பயம்தான். ஆனால், அப்டேட் பாதியில் சிக்கிக்கொள்வதற்கான காரணங்களில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே தவிர்த்துவிடலாம்.

பயாஸ் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே இயங்கும் மென்பொருள் இது. பிராசஸர், ரேம், டிஸ்க் ஆகியவற்றைத் தயார்செய்து விண்டோஸிடம் ஒப்படைப்பது இதன் வேலை. இப்போதைய லேப்டாப்களில் இருப்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய வடிவம். பேச்சுவழக்கில் இன்னும் பயாஸ்தான்.

இது ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. அதனால் இது கெட்டுப்போனால் விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்தும் பயனில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் என்ற வைரஸ் பல கணினிகளின் பயாஸை அழித்தபோது உலகம் இதை நேரில் பார்த்தது.

அப்டேட் அவசியமா?

லேப்டாப் நன்றாக ஓடும்போது எதற்குத் தொட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், பாதுகாப்புக் குறைபாடு என்றால் கதை வேறு. லேப்டாப் ஆன் ஆகும்போது தெரியும் நிறுவன லோகோ வழியாகவே தாக்குதல் நடத்த முடியும் என்பதை 2023 டிசம்பரில் வெளியான 'லோகோஃபெயில்' ஆய்வு காட்டியது. பயாஸ் அப்டேட்தான் அதற்குத் தீர்வு.

செக்யூர் பூட் வசதிக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களும் 2026 ஜூனில் தொடங்கி காலாவதியாகின்றன. புதிய சான்றிதழ்கள் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் மூலமே வந்துவிடும். சில மாடல்களுக்கு பயாஸ் அப்டேட்டும் தேவைப்படலாம்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் நீங்களாகச் செய்ய வேண்டாம். ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

1. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் மாடல் பெயரும் பயாஸ் பதிப்பும் தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் மட்டும் ஃபைலை டவுன்லோட் செய்யுங்கள். ஒரே பெயரில் பல மாடல்கள் இருக்கும் என்பதால், லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கொண்டு தேடுவது நல்லது. இடையில் வேறு பதிப்பைப் போட வேண்டுமா என்பதை ரிலீஸ் குறிப்பில் பாருங்கள்.

3. முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் பேக்கப் எடுங்கள்.

4. பலர் மறப்பது பிட்லாக்கர். இது ஆன் ஆகியிருந்தால், பயாஸ் மாறியதும் லேப்டாப் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள்.

5. பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, சார்ஜரையும் இணைத்தே வையுங்கள். கரண்ட் போனால் பேட்டரி காப்பாற்றும். பேட்டரி பழுதான லேப்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

யுஎஸ்பி-யில் எப்படிச் செய்வது?

32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான யுஎஸ்பி டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதில் உள்ள எல்லாமே அழிந்துவிடும், கவனம். பயாஸ் ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேரடியாக காப்பி செய்யுங்கள்.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, உரிய கீயை அழுத்துங்கள். டெல் லேப்டாப்களில் எஃப்12 அழுத்தி 'பயாஸ் ஃபிளாஷ் அப்டேட்' என்பதைத் தேர்வு செய்யலாம். ஆசஸில் எஃப்2 அழுத்தி உள்ளே போனால் 'ஈஸி ஃபிளாஷ்' இருக்கும். ஹெச்பி-யில் டவுன்லோட் செய்த ஃபைலே ரெகவரி யுஎஸ்பி-யை உருவாக்கித் தரும். மற்ற நிறுவனங்களுக்கு அந்தந்த சப்போர்ட் பக்கத்தில் உள்ள வழிமுறையைப் பின்பற்றுங்கள்.

திரையில் தெரியும் மாடலும் பதிப்பும் சரிதானா என்று பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். அதன் பின் எதையும் தொடக் கூடாது. திரை கறுப்பாகலாம், ஃபேன் சத்தமாகச் சுற்றலாம், லேப்டாப் சில முறை தானே ரீஸ்டார்ட் ஆகலாம். இதெல்லாம் வழக்கமானதுதான். 'நின்னு போச்சு' என்று பதறி பவர் பட்டனை அழுத்துவதுதான் ஆபத்து.

முடிந்ததும் பயாஸ் பதிப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்து, பிட்லாக்கரை மீண்டும் ஆன் செய்யுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால்?

உடனே மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. பல ஹெச்பி லேப்டாப்களில் விண்டோஸ் கீயையும் 'பி' கீயையும் சேர்த்து அழுத்தியபடி பவர் பட்டனை சில வினாடிகள் அழுத்தினால் ரெகவரி தொடங்கும். பல டெல் மாடல்களில் கன்ட்ரோல், எஸ்கேப் கீகளை அழுத்தியபடி சார்ஜரைச் செருக வேண்டும். அதனால் அப்டேட் முடியும் வரை யுஎஸ்பி-யை அழிக்காமல் வைத்திருங்கள்.

இதுவும் பலிக்கவில்லை என்றால், சிப் அளவில் வேலை செய்யும் சர்வீஸ் கடைகளில் புரோகிராமர் கருவி மூலம் பயாஸை மீண்டும் எழுத முடியும். மதர்போர்டை மாற்றச் சொன்னால், அதற்கு முன் இந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.